ஏற்காட்டுக் கிடங்கிலிருந்து சேலம் அலுவலகம் வரை: என்8என் மென்பொருளின் தரவுத்தள இணைப்பு பற்றி ஒரு மதிப்பீடு

பல செயலிகளை இணைத்து ஒரு வேலையைப் படிப்படியாகத் தானே நடத்தும் பணியோட்ட மென்பொருள்களைப் பற்றி வரும் மதிப்பீடுகளில் பெரும்பாலானவை, எத்தனை செயலிகளோடு இணையலாம், திரை எவ்வளவு எளிமையாக இருக்கிறது என்ற இரண்டோடு நின்றுவிடுகின்றன. சேலம் வட்டாரத்தில் ஒரு காபித் தோட்டத்தாரோ, ஜவ்வரிசி ஆலைக்காரரோ, செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவரோ இத்தகைய மென்பொருளை நாடும்போது அவருக்கு வேண்டியது வேறு. ஏற்கெனவே பழைய கணினியில் கிடக்கும் எடைக் கணக்கையும் பில் கணக்கையும் அது பிசகாமல் எடுத்து, போக வேண்டிய இடத்தில் சேர்க்குமா என்பதே அவருடைய கேள்வி. அதற்கான பதில் தரவுத்தள இணைப்பை அமைக்கும் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆகவே அத்தகைய மென்பொருளான என்8என்னின் மற்றச் சிறப்புகளையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, அந்த ஒரு பகுதியை மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன்.

என்8என் 2019 இல் பெர்லினில் யான் ஓபர்ஹவுசர் தொடங்கியது. அதன் மூல நிரல் திறந்தே இருக்கிறது. ஆனால் 2022 முதல் நடப்பிலுள்ள உரிமத்தின்படி, ஒரு நிறுவனம் தன் சொந்த அலுவல்களுக்கு இலவசமாகப் பயன்படுத்தலாமே தவிர, அதையே ஒரு சேவையாக்கி மற்றவருக்கு விற்க முடியாது. சொந்தக் கணினியில் நிறுவி, தன் தோட்டத்துக் கணக்கைத் தானே ஓட்டிக்கொள்ளும் ஒருவருக்கு இந்த உரிமம் எந்த இடைஞ்சலும் தருவதில்லை.

இந்த மதிப்பீட்டுக்கு அடிப்படையாக உள்ள அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். ஏற்காட்டு மலையில் நாகலூர் பக்கம் உள்ள ஒரு காபித் தோட்டத்தில், பறித்து வரும் செர்ரியை, அதாவது காபிப் பழத்தை, மாலையில் கிடங்கு வாசலில் எடை போடுகிறார்கள். எலெக்ட்ரானிக் தராசோடு இணைந்த பழைய கணினியில், ஒவ்வொரு தொழிலாளியின் பெயருக்கு நேரே எத்தனை கிலோ என்று எஸ்டேட் ரைட்டர் பதிகிறார். அந்தப் பதிவு மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் விழுகிறது. கூலிக் கணக்கும் பார்ச்மென்ட் (பழத்தோல் நீக்கி உலர்த்திய, உள்ளோடு நீங்காத காபிக் கொட்டை) இருப்புக் கணக்கும் சூரமங்கலத்தில் உள்ள அலுவலகத்தின் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இருக்கின்றன. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு எடைகளைக் கொண்டுபோக வேண்டும். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் நடுவே இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள மலைச்சாலை. இணையமோ செல்பேசிக் கோபுரத்தை நம்பியது. மழையும் மின்தடையும் வரும் நாட்களில் "சார், கரண்ட் போயிடுச்சு, இதுவரைக்கும் போட்ட எடையெல்லாம் ஆபீசுக்கு வந்துடுச்சுங்களா?" என்று ரைட்டர் போனில் கேட்பதுதான் முதல் வேலை. அந்தக் கேள்விக்கு ஐயமின்றி "வந்துவிட்டது" என்றோ "கரண்ட் வந்ததும் தானே வந்துவிடும்" என்றோ சொல்ல முடிந்தால், அந்த மென்பொருள் தேறிவிட்டதாக நான் கொள்வேன்.

புதிதாக நிறுவுபவர் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது, இங்கே இரண்டு வகைத் தரவுத்தளங்கள் பேசப்படுகின்றன என்பதை. ஒன்று, என்8என் தன்னுடைய பணியோட்டங்களையும் ஓட்டப் பதிவுகளையும் வைத்துக்கொள்ளும் உள்தளம். மற்றொன்று, நம்முடைய எடையும் பில்லும் இருக்கும் தளம். உள்தளமாக இயல்பில் எஸ்க்யூலைட் வருகிறது. எதையும் அமைக்காமலே ஒரே கோப்பாக வேலை செய்துவிடும். இரண்டு மூன்று பணியோட்டங்களுக்கு அது போதும். ஓட்டங்கள் பெருகும்போது போஸ்ட்கிரெஸுக்கு மாற வேண்டும். அதற்கான சர்வர் பெயர், போர்ட் (சர்வரின் வாசல் எண்), பயனர், கடவுச்சொல் ஆகியவற்றை நிறுவும்போதே சூழல் மாறிகளாக, அதாவது மென்பொருள் தொடங்கும்போது படிக்கும் அமைப்பு மதிப்புகளாக, கொடுக்க வேண்டும். திரையில் இதற்குப் பக்கம் எதுவும் இல்லை. மைஎஸ்க்யூஎல், மரியாடிபி ஆகியவற்றை உள்தளமாக வைத்துக்கொள்ளும் வழியை 2023 இல் வந்த 1.0 பதிப்பிலேயே கைவிடுவதாக அறிவித்துவிட்டார்கள். நம் தரவு மைஎஸ்க்யூஎல்லில் இருப்பதற்கு அதனால் எந்தத் தடையும் இல்லை என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த இடத்தில் பலர் குழம்புகிறார்கள். ஒரு குறை உண்டு. எஸ்க்யூலைட்டில் தொடங்கியவர் போஸ்ட்கிரெஸுக்கு மாற நினைத்தால், சூழல் மாறிகளை மாற்றுவதோடு பழையவை கூடவே வந்துவிடுவதில்லை. பணியோட்டங்களையும் இணைப்பு விவரங்களையும் கட்டளை வழியாக ஏற்றுமதி செய்து, புதிய இடத்தில் மீண்டும் இறக்குமதி செய்ய வேண்டும். அதனால் வளரப் போகிற வேலை என்று தெரிந்தால் முதல் நாளே போஸ்ட்கிரெஸில் தொடங்கிவிடுவதே நல்லது.

இனி நம் தரவுக்கான இணைப்பு. என்8என் இதைக் கிரெடென்ஷியல் என்று தனியே வைக்கிறது. ஒருமுறை பதிந்து பெயரிட்டுவிட்டால், எத்தனை பணியோட்டங்களில் வேண்டுமானாலும் அதே பெயரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். கடவுச்சொல் மாறினால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும். பணியோட்டத்தைக் கோப்பாக எடுத்து வேறொருவருக்கு அனுப்பினாலும், கிரெடென்ஷியலின் பெயரும் அடையாள எண்ணும் மட்டுமே அதில் போகும், கடவுச்சொல் போகாது. சிறு நிறுவனங்களில் கடவுச்சொற்கள் வாட்ஸ்அப் குழுக்களில் உலவுவதைப் பார்த்து மனம் கசந்திருக்கும் எனக்கு, இந்த ஒன்றுக்காகவே இந்த மென்பொருளின் மேல் மதிப்பு உண்டாகிறது.

போஸ்ட்கிரெஸ் படிவம் ஒரே பக்கத்தில் முடிகிறது: சர்வர், தரவுத்தளம், பயனர், கடவுச்சொல், இணைப்புகளின் உச்ச எண்ணிக்கை, எஸ்எஸ்எல் என்ற குறியாக்கம், போர்ட், எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான தொலை இணைப்பு வழியாகச் செல்ல வேண்டுமா என்பது. சேமித்தவுடன் இணைப்பைச் சோதித்துப் பச்சையிலோ சிவப்பிலோ முடிவைக் காட்டிவிடும். இந்த உடனடிச் சோதனை மிகவும் பயனுள்ளது. ஆனால் பச்சை வந்தால் சர்வரை எட்ட முடிந்தது, உள்ளே நுழைய முடிந்தது என்பது மட்டுமே பொருள். எந்த அட்டவணையைப் படிக்க, எதில் எழுத அந்தப் பயனருக்கு உரிமை இருக்கிறது என்பதைப் பற்றி அந்தப் பச்சை ஒன்றும் சொல்வதில்லை.

படிவத்தில் முன்கூட்டியே நிரப்பப்பட்டு வரும் மதிப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். சர்வர் என்ற இடத்தில் லோக்கல்ஹோஸ்ட் என்று இருக்கிறது. என்8என்னைப் பலர் டாக்கர் (மென்பொருளைத் தனிப் பெட்டிபோல அடைத்து ஓட்டும் கருவி) வழியாகவே நிறுவுகிறார்கள். டாக்கர் பெட்டிக்குள் ஓடும் மென்பொருளுக்கு லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தப் பெட்டி மட்டும்தான், அதே மேசையிலுள்ள கணினி அன்று. தரவுத்தளமும் டாக்கரின் அதே கம்போஸ் கோப்பில் (எந்தெந்தப் பெட்டிகள் ஓட வேண்டும் என்ற பட்டியலில்) ஒரு சேவையாக ஓடினால் அந்தச் சேவையின் பெயரையே சர்வர் பெயராகக் கொடுக்கலாம். தரவுத்தளம் கணினியில் நேரடியாக ஓடினால், விண்டோஸில் டாக்கர் டெஸ்க்டாப் வைத்திருப்பவர் ஹோஸ்ட்.டாக்கர்.இன்டர்னல் என்ற பெயரைக் கொடுத்தால் போதும். லினக்ஸில் அந்தப் பெயர் தானாகக் கிடைக்காது. கம்போஸ் கோப்பில் கூடுதல் ஹோஸ்ட் வரியாக ஹோஸ்ட்-கேட்வே என்று சேர்க்க வேண்டும். அதன் பிறகும் போஸ்ட்கிரெஸ் தன் பங்குக்கு ஒரு கதவைச் சாத்தி வைத்திருக்கும். இயல்பில் அது தன் கணினிக்குள்ளிருந்து வரும் அழைப்புகளுக்கு மட்டுமே செவிகொடுக்கிறது. லிசன் அட்ரசஸ் என்ற அமைப்பை மாற்றிச் சர்வரை நிறுத்தித் தொடங்க வேண்டும். பிறகு பிஜி_ஹெச்பிஏ கோப்பில் எந்த முகவரியிலிருந்து எந்தப் பயனர் எந்தத் தரவுத்தளத்துக்கு வரலாம் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். பின்னதற்கு மறுதொடக்கம் வேண்டாம், மறுவாசிப்பே போதும்.

இவற்றில் எங்கே தடைப்பட்டிருக்கிறோம் என்பதை அறிய, என்8என் காட்டும் பிழைச் செய்தி நன்றாக உதவுகிறது. தரவுத்தளம் சொல்வதை மறைத்துப் பொதுவாக 'இணைக்க முடியவில்லை' என்று மட்டும் சொல்லும் மென்பொருள்கள் உண்டு. இது மூலச் செய்தியையும் காட்டிவிடுகிறது. இணைப்பு மறுக்கப்பட்டது என்று வந்தால், கணினியை எட்டிவிட்டோம், அந்தப் போர்ட்டில் கேட்பார் யாரும் இல்லை என்று பொருள். போர்ட் எண்ணையும் லிசன் அட்ரசஸையும் பார்க்க வேண்டும். நேரம் கடந்தது என்று வந்தால், இடையில் ஃபயர்வால் விழுங்குகிறது அல்லது வழியே இல்லை. பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் சர்வர் பெயரில் எழுத்துப் பிழை இருக்கலாம், அல்லது டாக்கருக்குத் தெரியாத பெயராக இருக்கலாம். பிஜி_ஹெச்பிஏ கோப்பில் பதிவு இல்லை என்று வந்தால் மகிழ வேண்டும். ஏனெனில் வழி முழுவதும் சரியாகிவிட்டது, ஒரு வரி மட்டுமே பாக்கி. கடவுச்சொல் பொருந்தவில்லை என்பது எல்லாவற்றிலும் எளிய பிழை. இந்த ஐந்தையும் பிரித்தறியப் பழகியவர், போன் வழியாகவே மலைமேல் உள்ள கணினியைச் சரிசெய்துவிடலாம்.

பயனர் என்ற இடத்தில் போஸ்ட்கிரெஸ் என்ற பெயரே முன்கூட்டி நிரப்பப்பட்டு வருகிறது. அது அத்தரவுத்தளத்தின் முழு அதிகாரம் படைத்த பயனர். நிறுவுபவர் அவசரத்தில் அதையே விட்டுவிட்டால், பணியோட்டத்தில் தவறாக எழுதப்பட்ட ஒரு வரி கூலிக் கணக்கு முழுவதையும் அழிக்கும் வல்லமை பெற்றுவிடுகிறது. படிவம் இதைக் காலியாக விட்டிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எங்கள் அமைப்பில் என்8என்னுக்கென்று தனிப் பயனர் உண்டு. தரவுத்தளத்தில் நுழையவும், ஸ்கீமாவை (அட்டவணைகள் அடங்கிய தொகுப்பை) பயன்படுத்தவும், தொழிலாளர் பட்டியலையும் எடைகள் வந்து விழும் அட்டவணையையும் படிக்கவும், பின்னதில் மட்டும் சேர்க்கவும் திருத்தவும் அதற்கு உரிமை உண்டு. நீக்கும் உரிமை எதிலும் இல்லை. இங்கே கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. அட்டவணையின் வரிசை எண் சீரியல் என்ற, தானே கூடிக்கொண்டு போகும் வகையாக இருந்தால், அட்டவணையில் சேர்க்கும் உரிமை மட்டும் போதாது. அந்த எண்ணை வழங்கும் சீக்வென்ஸுக்கும் தனியே உரிமை கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இணைப்புச் சோதனை பச்சையாகவே இருக்கும், படிக்கும் வேலை எல்லாம் நடக்கும், சேர்க்கும்போது மட்டும் அனுமதி இல்லை என்று நிற்கும். அந்த எண்ணை அடையாள நெடுவரிசையாக (ஐடென்டிட்டி) அமைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

இணைப்புகளின் உச்ச எண்ணிக்கை என்ற இடத்தில் 100 என்று நிரப்பப்பட்டிருக்கிறது. போஸ்ட்கிரெஸ் சர்வர் இயல்பில் ஏற்றுக்கொள்ளும் மொத்த இணைப்புகளும் 100தான்; அவற்றிலும் 3 நிர்வாகிக்கென ஒதுக்கப்பட்டவை. என்8என் எடுத்த எடுப்பிலேயே நூறையும் திறந்துவிடாது, அது மேல்வரம்பு மட்டுமே. ஆயினும் வேலைகள் குவியும் ஒரு நாளில் பணியோட்டமே எல்லா இடங்களையும் பிடித்துக்கொண்டால், பில் போடும் கணினிக்கு நுழைய இடம் இருக்காது. கல்யாண வீட்டுப் பந்தியில் ஒரே குடும்பம் எல்லா இலைகளிலும் உட்கார்ந்துகொண்ட கதைதான். சிறு அலுவலகத்துக்கு 5 அல்லது 10 என்று குறைத்துவிடுவது போதுமானது. வேலையைப் பல வொர்க்கர்களுக்கு, அதாவது பணியோட்டங்களை ஓட்டும் தனித்தனி என்8என் பிரதிகளுக்கு, பிரித்து ஓட்டுபவர்கள், இந்த எண்ணை வொர்க்கர்களின் எண்ணிக்கையால் பெருக்கிப் பார்க்க வேண்டும் என்று படிவத்திலேயே குறிப்பு இருக்கிறது. குறிப்பு எழுதத் தெரிந்தவர்கள் நிரப்பி வரும் எண்ணையும் குறைத்துத் தந்திருக்கலாம்.

மலைமேல் உள்ள மைஎஸ்க்யூஎல்லுக்கு வருகிறேன். அதன் படிவமும் ஏறத்தாழ இதே வடிவந்தான். போர்ட் 3306, இணையக் காத்திருக்கும் நேரம் 10,000 மில்லிவினாடி, அதாவது 10 வினாடி. அந்த 3306 போர்ட்டை இணையத்துக்கு நேராகத் திறந்துவிடுவது கிடங்குச் சாவியைச் சாலையில் வைப்பதற்குச் சமம். எக்காரணத்தாலும் அதைச் செய்யக் கூடாது. என்8என் படிவத்திலேயே எஸ்எஸ்ஹெச் டனல் என்ற குறியாக்கப்பட்ட சுரங்கவழியில் செல்லும் வசதி இருப்பது பெரிய நன்மை. கடவுச்சொல்லாலும் செல்லலாம், தனிச் சாவியாலும் செல்லலாம், சாவியே நல்லது. இதை அமைக்கும்போது, மேலே உள்ள சர்வர் என்ற இடத்தில் எஸ்எஸ்ஹெச் கணினியின் கண்ணுக்குத் தரவுத்தளம் எந்த முகவரியில் தெரியுமோ அதையே எழுத வேண்டும். இரண்டும் ஒரே கணினியில் இருந்தால் 127.0.0.1 என்பதே சரி. மைஎஸ்க்யூஎல் பயனரை உருவாக்கும்போது எந்த இடத்திலிருந்து வருபவர் என்பதையும் பெயரோடு சேர்த்தே பதிகிறது என்பதால், உரிமையையும் அதற்கேற்பவே கொடுக்க வேண்டும்.

ஆனால் செல்பேசி இணையத்தில் இயங்கும் கிடங்குக்கு, வெளியிலிருந்து அழைக்கத்தக்க தனி முகவரி பொதுவாகக் கிடைப்பதில்லை. அப்போது டனல் வசதி இருந்தும் அழைப்பு அங்கே போய்ச் சேராது. இதற்கு என்8என்னுக்குள் விடை இல்லை, இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. கிடங்குக் கணினியே சேலம் அலுவலகத்தின் நிலையான ஐபி முகவரியை நோக்கி வயர்கார்டு என்ற குறியாக்கப்பட்ட தனிவழி (விபிஎன்) இணைப்பை ஏற்படுத்திக்கொள்ளும்படி அமைத்தோம். 25 வினாடிக்கு ஒருமுறை உயிர்ப்புச் செய்தி அனுப்பும்படி வைத்தால், கோபுரத்தின் பக்கம் அந்த வழி மூடப்படாமல் இருக்கிறது. இதன் பிறகு என்8என்னைப் பொறுத்தவரை ஏற்காட்டுக் கணினி பக்கத்து அறையில் இருப்பதுபோல ஒரு தனி முகவரியோடு தெரிகிறது. காத்திருக்கும் நேரத்தையும் 10 வினாடியிலிருந்து 30 ஆக உயர்த்தினோம், மழைநாளில் கோபுரம் மெதுவாகவே பதில் சொல்கிறது என்பதால்.

இந்த மென்பொருளில் எனக்குள்ள முதன்மையான மனக்குறை இனிமேல்தான். ஒவ்வொரு நோடுக்கும், அதாவது பணியோட்டத்தின் ஒவ்வொரு படிக்கும், தோல்வியுற்றால் மீண்டும் முயல்க என்ற அமைப்பு இருக்கிறது. ஆனால் உச்சமாக 5 முயற்சிகள், ஒவ்வொன்றுக்கும் இடையில் உச்சமாக 5,000 மில்லிவினாடி; இதற்கு மேல் போக விடுவதில்லை. காத்திருக்கும் நேரங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் கூட ஒருசில நிமிடங்களில் அது கைவிட்டுவிடும். நகரத்துச் சர்வர் ஒன்று நொடிப்பொழுது தடுமாறினால் இது போதும். சேர்வராயன் மலையில் மரம் விழுந்து மின்சாரம் அரைநாள் இல்லாமல் போகும்போது இதனால் பயனில்லை. எவ்வளவு நேரம் கழித்து, எத்தனை முறை முயல வேண்டும் என்பதைத் தோட்டத்தின் நிலைமை அறிந்தவரிடம் விட்டிருக்க வேண்டும்.

ஆகவே மறுமுயற்சியை நம்பாமல், பணியோட்டத்தையே வேறு விதமாக வகுக்க வேண்டியிருக்கிறது. 15 நிமிடத்துக்கு ஒருமுறை அது எழுகிறது, முதலில் சேலத்துப் போஸ்ட்கிரெஸிடம், கடைசியாக வந்து சேர்ந்த எடைச்சீட்டின் எண் என்ன என்று கேட்கிறது, அந்த எண்ணுக்கு மேற்பட்ட சீட்டுகளை மட்டும் மலைமேல் உள்ள மைஎஸ்க்யூஎல்லிடம் வாங்குகிறது, வாங்கியதைச் சேர்க்கிறது. நடுவில் எட்டு மணி நேரம் தொடர்பு இல்லாமல் போனாலும், தொடர்பு வந்த பின் நடக்கும் முதல் ஓட்டத்திலேயே விட்டுப்போன அத்தனையும் வந்துவிடும். இங்கே போஸ்ட்கிரெஸ் நோடில் 'சேர் அல்லது திருத்து' என்ற செயல் கைகொடுக்கிறது. எடைச்சீட்டு எண்ணைப் பொருத்தும் நெடுவரிசையாகக் கொடுத்து, அட்டவணையிலும் அந்த எண்ணுக்குத் தனித்துவக் கட்டுப்பாடு வைத்துவிட்டால், பாதியில் அறுந்து மீண்டும் ஓடினாலும் ஒரே சீட்டு இரண்டு முறை பதியாது. ஒரே சீட்டு இருமுறை பதிந்தால் ஒரு தொழிலாளிக்குக் கூலி இரட்டிப்பாகிறது. ஒன்று விட்டுப்போனால் ஒருவருடைய ஒரு வேளை உழைப்பு கணக்கில் இல்லாமல் போகிறது. பறிப்புக் காலமான நவம்பர் முதல் ஜனவரி வரை இந்தக் கணக்கில்தான் பல குடும்பங்களின் வாரச் சம்பளம் இருக்கிறது. அந்த அளவுக்குப் பொறுப்பான வேலை என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எடைகளைப் பற்றி மற்றொன்று. கிராம் வரை துல்லியமாக வைக்கும் நியூமெரிக் வகை எண்களைப் போஸ்ட்கிரெஸ் நோடு இயல்பில் எழுத்தாகவே வெளியிடுகிறது. துல்லியம் கெடக் கூடாது என்ற நல்ல நோக்கம் அதற்கு உண்டு. பதினாறு இலக்கத்தைத் தாண்டும் முழு எண்களை ஜாவாஸ்கிரிப்ட் பிழையின்றி வைத்துக்கொள்ளாது என்பதால், நீளமான கணக்கு எண்களுக்கு எழுத்து வடிவமே பாதுகாப்பு. ஆனால் அடுத்த நோடில் 12.500 கிலோவையும் 8.250 கிலோவையும் கூட்டல் குறியிட்டுக் கூட்டினால் 20.75 வராமல் 12.5008.250 என்று இரண்டும் ஒட்டிக்கொண்டு வரும். நோடின் கூடுதல் அமைப்புகளில் பெரிய எண்களை எண்ணாகக் கொடு என்று மாற்றலாம்; அதைவிடக் கூட்டும் வேலையை வினவலுக்குள்ளேயே தரவுத்தளத்திடம் விட்டுவிடுவது சிறந்தது. வினவல் எழுதும்போது மதிப்புகளை வரிக்குள் ஒட்டாமல் டாலர்-1, டாலர்-2 என்ற இடக்குறிகளாகத் தர வசதி இருக்கிறது. பெயரில் ஒற்றை மேற்கோள் குறி வந்தால்கூட வினவல் உடையாது, வெளியார் கட்டளை புகுத்தவும் வழியிருக்காது. இதைப் பயன்படுத்தாத பணியோட்டத்தை நான் ஏற்றுக்கொள்வதில்லை.

நேர மண்டலத்தை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: எதுவும் அமைக்காவிட்டால் என்8என் நியூயார்க் நேரத்தில் ஓடும், ஏசியா/கொல்கத்தா என்று முதலிலேயே மாற்றாவிட்டால் மாலை ஆறு மணிக் கணக்கு மறுநாள் விடியற்காலையில் வரும்.

தோல்வியை அறிவிக்கும் ஏற்பாடு நன்றாக இருக்கிறது. பிழை நேர்ந்தால் ஓடுவதற்கென்று தனிப் பணியோட்டம் ஒன்றை வைத்து, எந்த நோடில் என்ன செய்தியோடு நின்றது என்பதை மின்னஞ்சலாகவோ டெலிகிராமாகவோ அனுப்பச் செய்யலாம். கையால் ஓட்டிப் பார்க்கும்போது அது எழாது, தானாக ஓடும்போதுதான் எழும். ஆகவே சோதிப்பவர் செய்தி வரவில்லையே என்று குழம்ப வேண்டியதில்லை. எங்கள் அமைப்பில் ஒவ்வொரு தோல்விக்கும் செய்தி அனுப்பாமல், மாலை எடை போடும் நேரத்தில் இரண்டு மணி நேரமாகப் புதுச் சீட்டு எதுவும் வராதபோது மட்டும் அலுவலகத்துக்குச் செய்தி போகிறது. மழைக்காலத்தில் கால் மணிக்கொரு செய்தி வந்தால் எவரும் அதைப் படிப்பதை விட்டுவிடுவார்கள்.

கிரெடென்ஷியல்கள் உள்தளத்தில் குறியாக்கம் செய்யப்பட்டே வைக்கப்படுகின்றன. அதற்கான சாவி முதல் ஓட்டத்திலேயே தானாக உருவாகி, பயனரின் .என்8என் கோப்புறையில் உள்ள ஓர் அமைப்புக் கோப்பில் உட்கார்ந்துகொள்கிறது. உள்தளத்தை மட்டும் தினமும் நகலெடுத்து வைத்துவிட்டு இந்தச் சாவியை விட்டுவிட்டால், கணினி கெட்ட அன்று பணியோட்டங்கள் திரும்பக் கிடைக்கும், கடவுச்சொல் ஒன்றும் திரும்பாது. நிறுவும் வழிகாட்டியின் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் இருக்க வேண்டிய செய்தி இது. சாவியை நாமே தேர்ந்து சூழல் மாறியாகக் கொடுத்து, அச்சடித்து அலுவலகப் பெட்டகத்தில் வைக்கும்படி செய்திருக்கிறோம்.

ஒப்பிட்டுச் சொல்ல வேண்டுமானால், மற்றொரு பணியோட்ட மென்பொருளான அப்பாச்சி ஏர்ஃப்ளோ தவறிய ஓட்டங்களைத் திரும்ப ஓட்டுவதில் மிகவும் வலுவானது, மறுமுயற்சியின் எண்ணிக்கையையும் இடைவெளியையும் தாராளமாக நம்மிடம் விடுகிறது; ஆனால் பைத்தான் எழுதத் தெரிந்தவர் அலுவலகத்திலேயே வேண்டும், இணைப்பைத் திரையிலேயே சோதிக்கும் பொத்தானையும் 2.7 பதிப்பு முதல் பாதுகாப்புக் கருதி இயல்பில் முடக்கி வைத்திருக்கிறார்கள். நோட்-ரெட் என்ற இன்னொரு மென்பொருள் தராசு, சென்சார் போன்ற கருவிகளோடு பேசுவதில் கெட்டிக்காரத்தனமானது. தரவுத்தள நோடுகளைத் தனித்தனியே தேடி நிறுவிக்கொள்ள வேண்டும், அவற்றின் தரமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. கணக்குப் பிரிவில் இருக்கும் ஒருவர், நிரல் எழுதாமல், இணைப்பு அறுந்தால் காரணத்தைத் தாமே படித்து அறியும் அளவுக்கு எளிமையாக இருப்பது இந்த மூன்றில் என்8என் மட்டுமே. திரை முழுவதும் ஆங்கிலம் என்பது ஒரு தடைதான். எங்கள் ரைட்டருக்காக மேலே சொன்ன ஐந்து பிழைச் செய்திகளையும் அவற்றுக்கான மருந்தையும் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கணினிக்கு மேலே ஒட்டிவைத்திருக்கிறோம்.

சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவர்கள், என்8என் நிறுவனமே நடத்தும் கட்டணச் சேவையைப் பரிசீலிக்கலாம். அப்படிச் செய்வோர் இரண்டைக் கவனிக்க வேண்டும். அந்தச் சேவை வெளிநாட்டுச் சர்வரிலிருந்து அழைக்கிறது. ஆகவே சேலத்துத் தரவுத்தளத்துக்கும் எஸ்எஸ்ஹெச் டனல் கட்டாயமாகிவிடுகிறது, மலைமேல் உள்ள கணினிக்கோ அலுவலகத்தை இடைத்தங்கலாக வைத்தால்தான் வழி கிடைக்கும். இரண்டாவது, கட்டணம் பணியோட்டம் எத்தனை முறை ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. 15 நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் நாளுக்கு 96, முப்பது நாளுக்கு 2,880 ஓட்டங்கள். செர்ரி எடை போடுவது மாலையில் மட்டுமே என்பதால், மூன்று மணி முதல் இரவு எட்டு மணி வரை மட்டும் கால் மணிக்கொருமுறையும், விட்டுப்போனவற்றுக்காகக் காலை ஆறு மணிக்கு ஒருமுறையும் ஓடும்படி அமைத்தால் நாளுக்கு 22 ஓட்டங்களில் முடிந்துவிடும். அட்டவணையை இப்படித் திருத்திவிட்டு, அதன்பின் எந்தத் திட்டத்தை வாங்குவது என்று பார்ப்பதே செலவைக் குறைக்கும்.